மணமோதிரம்: அச்சாரமும் சாட்சியும்

(வில்லியனூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிச்சயதார்த்தப் பந்தலில் தாம்பூலத் தட்டு கைமாறிய பிறகு, பெண்ணையும் பிள்ளையையும் எதிரெதிரே நிற்கவைத்து ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கும் சடங்கு நம்முடைய கிராமங்களிலும் நிலைபெற்றுவிட்டது. அப்பொழுதெல்லாம் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர் யாரேனும் ஒருவர், 'இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்' என்று சொல்வதும், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர், 'இராமபிரான் கணையாழி கொடுத்தனுப்பினானே, அப்பொழுது எந்த வெள்ளைக்காரன் இருந்தான்?' என்று மறுப்பதும், சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று அழைப்பு வரும்வரை அந்த விவாதம் முடிவு பெறாமல் நீள்வதும் வழக்கம். இவ்விருவர் வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பியரிடத்தில் மணமோதிரம் அச்சாரமாகப் பிறந்தது. பாரத நாட்டிலோ அது சாட்சியாகப் பிறந்தது. அச்சாரமாகப் பிறந்த மோதிரம் கப்பலேறி வந்து இறங்கிய துறைகளுள் ஒன்று, இங்கிருந்து இரண்டு காத தூரத்திற்கும் குறைவாக உள்ள புதுச்சேரி என்பதனால், இந்த விஷயத்தை வில்லியனூரில் வைத்துப் பேசுவது பொருத்தமற்றதாகாது.

உரோமாபுரியிலிருந்து தொடங்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் பேரறிஞர், உலகத்துப் பொருள்களையெல்லாம் தொகுத்துரைத்த தம் பெருநூலில் பொன்னைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, மணம் பேசி முடிக்கப்பெற்ற பெண்ணுக்குத் தம் காலத்திலும் இரும்பு மோதிரமே, அதுவும் கல் பதிக்காத மோதிரமே, அனுப்பப்படுகிறது என்று குறித்திருக்கிறார். பொன்னும் மணியும் மலிந்து கிடந்த பேரரசில் இரும்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது அழகுக்காகக் கொடுத்த ஆபரணம் அன்று; நிலம் வாங்குகிறவன் கிரயப் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் கொடுத்து வைக்கும் முன்பணத்தைப் போல, பேச்சு உறுதியாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கொடுத்து வைத்த பொருள். அச்சாரம் கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் மற்றொருவன். ஆகவே அந்த மோதிரமும் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போயிற்றேயன்றித் திரும்பி வரவில்லை. ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் இரும்பு பொன்னாயிற்று. ஆனால் போகும் திசை மாறவில்லை.

நான்காம் விரலைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவர்கள் ஒரு காரணம் சொல்லிவைத்தார்கள். எகிப்தியர் உடலை அறுத்துப் பார்த்தபோது அந்த விரலிலிருந்து இதயத்துக்கு நேரே ஒரு மெல்லிய நரம்பு ஓடுவதைக் கண்டார்கள் என்று, அப்பியோன் என்பவர் சொன்னதாக இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் எழுதுகிறார். அப்படிப்பட்ட தனி நரம்பு எதுவும் இல்லை என்பதை இன்று மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவனே சொல்லிவிடுவான். எனினும் அழகான பொய்கள் நீண்டநாள் வாழும் இயல்புடையவை. நம்மவரோ அதே விரலில், சிராத்தமானாலும் விவாகமானாலும், தர்ப்பையினால் முடிந்த பவித்திரத்தை அணிந்துகொண்டு கர்மங்களைத் தொடங்கினார்கள். அதற்கு நரம்பைக் காரணம் காட்டவேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

உரோமரின் மோதிரத்துக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் சங்கராபரணி ஆற்றின் கிளையைப் பின்பற்றி அரியாங்குப்பத்துப் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், 1930-களின் பிற்பகுதியில், பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழூவோ துப்ரேய் அவர்களின் கவனத்தை ஈர்த்த பொருள்களுள் ஒன்று, உரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று கருதப்பட்ட உருவம் செதுக்கிய சிறு மணிக்கல். அத்தகைய கற்கள் மோதிரத்தில் பதித்து முத்திரையிடுவதற்காகச் செதுக்கப்பட்டவை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு மண்பாண்டங்களும் மதுச்சாடிகளின் ஓடுகளும் அங்கே வெளிப்பட்டன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். பிளினி இரும்பு மோதிரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், நம் ஆற்றங்கரைப் பட்டறைகளில் கல்லைத் துளையிட்டும் இழைத்தும் மணி செய்து மரக்கலமேற்றியவர்கள் இருந்தார்கள். ஆகையால் மோதிரம் என்னும் பொருள் இந்த மண்ணுக்கு அந்நியமானது என்று வாதிப்பவர்களுக்கு அரிக்கமேட்டு மண்ணே பதில் சொல்லிவிடும்.

மேற்கே கரூருக்குப் போவோமானால் இன்னும் தெளிவான பிரமாணம் கிடைக்கிறது. அமராவதி ஆற்று மணலில் பழங்காலத்துப் பொன் மோதிரங்களும் வெள்ளி மோதிரங்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் அணிந்தவர்களின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் உருவம் பொறித்த பொன் மோதிரமும் அங்கேதான் கிடைத்தது. அந்த இணை மோதிரத்தை மணமோதிரம் என்று துணிந்து கூற நான் முன்வரமாட்டேன். அதை அணிந்தவன் மணமகனா, வணிகனா, தெய்வ பக்தனா என்பதை மோதிரம் வாய் திறந்து சொல்லவில்லை. பெயர் பொறித்தவற்றைப் பற்றி அத்தகைய ஐயம் எழுவதற்கில்லை. அவை முத்திரைகள், ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாக நின்று பேசுபவை.

இராமபிரானுடைய கணையாழியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் இராமனுடைய பெயர் பொறிக்கப்பட்டிருந்தது என்று வான்மீகி முனிவர் கூறுகிறார். அசோகவனத்தில் திடீரென்று எதிர்ப்பட்ட குரங்கினைப் பார்த்து, இதுவும் அரக்கரின் மாயையோ என்று அஞ்சிய சீதாபிராட்டிக்கு ஐயம் நீங்குவதற்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. கம்பநாட்டாழ்வார் அந்தக் கணையாழியைக் கண்ட பிராட்டியின் நிலையைப் பாட்டுக்குப் பாட்டு வளர்த்துக்கொண்டே போகிறார். ஓர் உலோக வளையத்தை வைத்துக்கொண்டு மனித உள்ளத்தின் இத்தனை அலைகளைக் காட்டிய கவி வேறெங்கேனும் உண்டோ என்று வியக்கத் தோன்றும். பிராட்டியும் வாளா இருந்துவிடவில்லை, சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள். இங்கிருந்து ஒன்று போயிற்று, அங்கிருந்து ஒன்று வந்தது. உரோமனுடைய மோதிரத்தில் இல்லாத இந்த இருவழிப் போக்கினை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும்.

ஆனால் மணமோதிரத்துக்கு நம் நாட்டு இலக்கியங்களுள் மிகவும் அணுக்கமானது சகுந்தலையின் மோதிரம் என்பேன். இராமனுக்கும் சீதைக்கும் மிதிலை நகரமே திரண்டு நின்று கல்யாணம் செய்துவைத்தது. துஷ்யந்தனும் சகுந்தலையும் செய்துகொண்டதோ காந்தர்வ விவாகம். வளர்த்த தந்தை கண்வர் ஊரில் இல்லை, புரோகிதர் இல்லை, பந்தல் இல்லை, மரங்களையும் மான்களையும் தோழியர் இருவரையும் தவிர அந்த மணத்துக்குச் சாட்சி சொல்ல எவரும் இல்லை. அரசன் தன் பெயர் பொறித்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். வழியில் நீராடும்போது அது நழுவி நீரில் விழுந்தது. அரசவையில் நிறைசூலியாக நின்ற பெண், 'நீ யார்?' என்ற வினாவுக்கு விடை காட்ட முடியாமல் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னர் ஒரு செம்படவன் மீனின் வயிற்றிலிருந்து அதை எடுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அரசன் அவளை மறந்துபோகும்படி துர்வாச முனிவர் இட்ட சாபத்தைக் காளிதாசன் இடையில் வைத்தது அரசனுடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்வோரும் உண்டு. அந்த வழக்கில் நான் இப்பொழுது புகவில்லை. ஊர் சாட்சி இல்லாத மணத்துக்கு மோதிரமே முழுச் சாட்சியாயிற்று. மோதிரம் தொலைந்ததும் மணமே தொலைந்தது. அதுவே நமக்கு வேண்டிய செய்தி.

ஊர் கூடி நடத்தும் விவாகத்தில் மோதிரத்துக்கு இத்தகைய பொறுப்பு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. நம் கல்யாணங்களில் மோதிரங்கள் குறைவாகவா இருக்கின்றன? மாமனார் மருமகனுக்குப் போடும் மாப்பிள்ளை மோதிரம் ஒன்று; பெண்ணின் தம்பியோ அண்ணனோ போடும் மச்சான் மோதிரம் ஒன்று; அம்மி மிதிக்கும்போது கால்விரலில் ஏறும் மெட்டி இரண்டு; தாலி கட்டி முடிந்தபின் மஞ்சள்நீர்க் குடத்துக்குள் போட்டு, பெண்ணும் பிள்ளையும் கைவிட்டுத் துழாவி எடுக்கவேண்டும் என்று உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்று கேலி செய்யும் மோதிரம் ஒன்று. அந்தக் குடத்துக்குள் இரண்டு கைகளும் அகப்பட்டுக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்காகவே அந்த விளையாட்டு ஏற்பட்டது என்பதை வயதானவர்கள் அறிவார்கள். முன்பின் பார்த்திராதவர்கள் முதல்முதலாகக் கைதொட்டுக்கொள்ள அதைவிட நாகரிகமான உபாயம் கிடையாது. இவற்றுள் எதுவும் மணத்தை மணமாக்குவதில்லை. அந்த அதிகாரம் மாங்கல்யத்துக்கே உரியதாக இருந்து வந்திருக்கிறது. மாங்கல்யத்துக்கென்று நாள் பார்த்து ஆசாரியை வரவழைத்துப் பொன்னுருக்குவதைப் போன்ற வழக்கம் மோதிரத்துக்கு இல்லை.

இனி ஐரோப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தைகள். ஒன்பதாம் நூற்றாண்டில், 866-இல், பல்கேரியருக்கு விடையெழுதிய போப்பாண்டவர் முதலாம் நிக்கோலாஸ், மணம் நிச்சயிக்கும்போது ஆண் பெண்ணுக்கு மோதிரம் அணிவிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஆணும் பெண்ணும் மனமொத்துச் சொல்லும் சொல்லே மணம் என்பது இடைக்காலத் திருச்சபையின் கொள்கையாக இருந்தமையால், யாருமறியாமல் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தவர்களும், அவர்கள்மேல் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களும் அங்கே ஏராளம். அவ்வழக்குகளில் பெண்கள் கையை நீட்டிக் காட்டிய ஆதாரங்களுள் மோதிரமும் ஒன்று. துஷ்யந்தனுடைய தர்பார் அங்கே ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது எனலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1563-இல் திரெந்து சங்கம், குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் செல்லாது என்று விதித்தது. மனிதச் சாட்சி வந்தபிறகு, மோதிரம் மந்திரித்து அணிவிக்கும் மங்கலப் பொருளாயிற்று. பியூரிட்டன்கள் அதையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப் பார்த்தார்கள். ஆனால் ஜனங்கள் அதைக் கைவிடவில்லை.

அந்த மோதிரம் பாதிரிமார்களோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது எதிரே கண்டது தாலியை. 1703 நவம்பரில், சீன தேசத்துக்குப் போகும் வழியில், போப்பாண்டவரின் தூதராகிய தெ தூர்னோன் புதுச்சேரியில் கரையிறங்கினார். சுமார் எட்டு மாதம் தங்கினார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்கொண்டிருந்த பழக்கங்களுள் எவை மதத்துக்கு ஒவ்வாதவை என்று விசாரித்து, 1704 ஜூன் 23-ஆம் தேதியிட்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அதில் விவாகத்தைப் பற்றிய விதிகள் பல. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. நூற்றெட்டு இழை சேர்த்து மஞ்சள் தோய்த்த கயிறு ஆகாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பதும் ஆகாது. நூற்றெட்டு இழையை யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்துத் தூதருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தச் சச்சரவு எவ்வளவு நுணுக்கமாக நடந்தது என்பது விளங்கும். இந்த ஆணையின்மேல் எழுந்த வழக்கு உரோமாபுரியில் 40 ஆண்டுகள் நடந்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட சாசனத்தோடுதான் ஓய்ந்தது.

இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. தூதர் தாலியையே எடுத்துவிடுங்கள், இனி மோதிரம் போதும் என்று சொல்லவில்லை. சிலுவையோ, தேவமாதாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றார். அவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலும் தமிழ்ப் பெண்கள் கேட்டிருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். சிலுவை பொறித்ததும் புறாவின் உருவம் கொண்டதுமான தாலிகள் அந்தச் சமரசத்தின் வழிவந்தவை. இந்த வில்லியனூரில் 1877-இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்தைப் போன்ற நம் பக்கத்துத் திருத்தலங்களில் இன்றைக்கு மணம் முடிப்பவர்களைப் பாருங்கள்: குருவானவர் மோதிரங்களை மந்திரிக்கிறார், மாங்கல்யத்தையும் மந்திரிக்கிறார், மோதிரம் மாற்றுவதும் உண்டு, தாலி கட்டுவதும் உண்டு. திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம்பிடித்த ஊரில் இத்தகைய சேர்க்கை யாருக்கும் வியப்பளிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு தரப்பும் வந்து சேர்ந்தது. அதுதான் பிரெஞ்சுச் சிவில் சட்டம். காலணியோடு நீதிமன்றத்துக்குள் புகுந்ததற்காக 1873-இல் தடுக்கப்பெற்று, பாரீஸ் வரை சென்று முறையிட்டு வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் பெயர் புதுச்சேரிக்காரர் அனைவரும் அறிந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட ஆணையின்படி, சாதி ஆசாரச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்களுக்கு வழி திறந்தது. அவரும் துறந்து, லாபோர்த் என்று பெயர் பூண்டார். இவ்வாறு துறந்தோருடைய சந்ததியார்க்கு இந்து விவாகச் சட்டம் இன்றும் பொருந்தாது. அவர்களுக்கு விவாகம் என்பது 'மேரி' எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி முன்னிலையில் சம்மதம் சொல்லிக் கையொப்பமிடுவது. மணமோதிரத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பிரெஞ்சு தேசத்தின் சட்டத்தில், மோதிரத்துக்கு ஓர் இடமும் இல்லை. பேனா ஒன்றே போதும். மோதிரம் அவரவர் விருப்பம்.

வைரத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் இப்பொழுது கவலைப்படுவது அதைப் பற்றித்தான். 1477-இல் ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைரமோதிரம் கொடுத்தான் என்பதை நகைக்கடைக்காரர்கள் மந்திரம்போல ஓதுவார்கள். அந்த வைரம் எங்கிருந்து போயிருக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டில் வைரம் அகப்படும்வரை ஐரோப்பாவுக்குச் சென்ற வைரங்களில் மிகப் பெரும்பகுதி நம் தக்காணத்து மண்ணில் எடுத்தவையே. அக்காலத்தில் அது அரசகுடும்பத்தாரின் விநோதம். குடியானவன் வீட்டுக் கல்யாணத்தில் அதற்கு இடமில்லை. 1860-களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் குவியலாகக் கிடைக்கத் தொடங்கியபின், 1888-இல் டி பீர்ஸ் என்னும் கம்பெனி தோன்றி, சந்தைக்கு வரும் கல்லை அளந்து விட்டு விலையைத் தாங்கிப் பிடித்தது. 1938-இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை அது அமர்த்திக்கொண்டது. 1947-இல் அந்நிறுவனத்தில் எழுத்துப்பணி செய்த பிரான்சஸ் ஜெரட்டி என்ற அம்மையார், வைரத்துக்கும் நித்தியத்துக்கும் முடிச்சுப் போட்டு நான்கே சொல்லில் ஒரு விளம்பர வாசகத்தை எழுதினார். வைரமில்லாமல் நிச்சயம் இல்லை என்ற எண்ணம் உலகத்தில் வேரூன்றியது இவ்வாறுதான். அவ்வம்மையார் தாம் கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவில்லை. யூதர்களோ நேர்மாறான விதியுடையவர்கள்: மணமோதிரத்தில் கல் இருக்கலாகாது, கல்லின் மதிப்பைத் தவறாக எண்ணிப் பெண் ஏமாந்து சம்மதித்துவிடக் கூடாது என்பது அவர்கள் சாஸ்திரத்தின் கவலை. எனக்கு இந்தக் கவலைதான் விவேகமாகப் படுகிறது.

கல்லில்லாத மோதிரம் செய்வதை நம் பக்கத்து ஆசாரியின் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெண்ணின் விரலளவை ஒரு நூலில் முடிந்தோ, பழைய மோதிரமாகவோ கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் பொன்னைத் தட்டித் தகடாக்கி, கூம்பிய இரும்புக் கோலில் சுற்றி வளைத்து, இரண்டு முனைகளும் மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்துமாறு அரத்தால் தேய்த்து, வெண்காரமும் பற்றவைக்கும் பொடியும் வைத்து, ஊதுகுழலை வாயில் கவ்வி விளக்குச் சுடரை அந்த இணைப்பின்மேல் மட்டும் செலுத்துகிறார். பொடி உருகிப் பளிச்சென்று ஓடும். அந்தக் கணத்தில் ஊதுவதை நிறுத்தாவிட்டால் மோதிரமே உருகிவிடும். கறுத்துப்போன வளையத்தைப் புளிநீரில் போட்டெடுத்துத் தேய்த்தபின் இணைப்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க இயலாது. முகப்பில் மணமகனுடைய பெயரின் முதலெழுத்தைப் பொறித்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; கரூர் மணலில் கிடைத்த மோதிரங்களை அணிந்தவர்களுக்கும் இவர்களுக்கும் இந்த ஆசையில் வேறுபாடில்லை.

மோதிரம் தமிழ்நாட்டில் தாலிக்குச் சமமான சட்ட அந்தஸ்தைப் பெற்ற வரலாற்றைச் சொல்லி முடிக்கிறேன். 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இன்றி நடந்த திருமணம் முதலாக, சுயமரியாதைத் திருமணங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய மணம் ஒன்று இந்து தர்ம சாஸ்திரப்படி செல்லாது என்று தீர்ப்பளித்ததனால், அவ்வாறு மணந்தோருடைய பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அண்ணா முதலமைச்சரானபின் 1967-இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து விவாகச் சட்டத்தில் 7-அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்கு விளங்கும் மொழியில் சொன்னாலும், இருவரும் மாலை மாற்றிக்கொண்டாலும், ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் அந்த மணம் செல்லும் என்பது அதன் சாரம். முன்பு நடந்த மணங்களையும் அது செல்லுபடியாக்கிற்று. எந்த விரல் என்று சட்டம் நிர்ப்பந்திக்கவில்லை. எந்த விரலாயினும் ஆகுக என்று விட்டுவிட்டது. ஒருவர் மற்றவர்க்கு என்பதை மட்டும் விடவில்லை. மேல்நாட்டில் ஆண்களும் மணமோதிரம் அணிவது பரவலானதே இரண்டாம் உலகப் போருக்குச் சென்ற சிப்பாய்களின் காலத்திலேதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஐரோப்பிய மோதிரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பது விளங்கும்.

2014-இல் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலுபேர் அறியாமல் நடத்தும் மணம் இந்தப் பிரிவின்கீழ் வராது என்றது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த நிலையை மாற்றி, பெற்றோருக்கு அஞ்சியோ வேறு காரணத்தாலோ பகிரங்கமாக மணம் செய்துகொள்ள இயலாதவர்களும் இருப்பார்கள், ஊரறியச் செய்தால்தான் செல்லும் என்று சட்டம் கூறவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே பந்தல் இல்லாமலும், பெரியவர்கள் இல்லாமலும், தெரிந்தவர் ஓரிருவர் முன்னிலையில் விரலில் ஏறும் மோதிரம் இன்று சட்டத்தின் கண்ணில் முழு விவாகத்தை உண்டாக்குகிறது. கண்வருடைய ஆசிரமத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு யாதெனில், இன்றைய சகுந்தலை மோதிரத்தைத் தொலைத்துவிட்டாலும், உடனிருந்த தோழியரைக் கூண்டிலேற்றிச் சாட்சி சொல்லவைக்கலாம்.